சீக்கோ 6309-7040: பழைய ‘ஆமை’ வாங்கலாமா?

கடலுக்கடியில் இறங்குகிறவர்களுக்காகச் செய்த பழைய டைவ் வாட்ச் சேர்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் விலை விசாரித்த முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். ரோலெக்ஸ் சப்மரைனர் 5513 பார்ப்பார்கள், பிளாங்பான் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் பார்ப்பார்கள், அப்புறம் பேச்சையே எடுக்கமாட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படைக்கு ரோலெக்ஸ் செய்து கொடுத்த சப்மரைனர்களின் ஏல விலையைக் கேட்டால் இங்கே சிங்கப்பூரில் வீடே வாங்கலாம் போலிருக்கும். அப்படிச் சோர்ந்தவர்களுக்கு நான் சொல்வது சீக்கோ 6309-7040. சேகரிப்பவர்கள் ‘ஆமை’ என்று கூப்பிடுவது இதைத்தான். மூன்று வருடத்துக்கு மேல் என் கையில் இருக்கிறது. நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன். கெட்டதுதான் கொஞ்சம் நீளமாக இருக்கும், ஏனென்றால் பணம் போவது அங்கேதான்.

நான் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கப்பலின் அடிப்பகுதியைச் சோதிக்க இறங்கும் டைவர்களை அடிக்கடி பார்க்கிற ஆள். அவர்களில் யாரும் இப்போது நேரம் பார்க்க வாட்சை நம்புவதில்லை. மேலே இருந்து குழாயில் காற்று போகிறது, மேலே நிற்கும் சூப்பர்வைசர் எத்தனை மணிக்கு இறங்கினான், எத்தனை அடியில் இருக்கிறான் என்று எழுதிக்கொண்டே இருப்பார். தோளில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தனியாக நீந்துகிறவர்களுக்கும் 1980களில் டைவ் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 1983இல் ஆர்கா எட்ஜ் வந்தது, அதன்பின் அது படிப்படியாகப் பரவியது. அதற்கு முன்னால் எல்லாம் கையில் கட்டிய வாட்ச், ஆழமானி, பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்த அட்டவணை, இந்த மூன்றுதான். அட்டவணை சொன்ன நிமிடத்தைத் தாண்டிக் கீழே இருந்துவிட்டு நேராக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஆளை முடக்கிவிடும், கொன்றும்விடும். உயிர் அந்த நிமிட முள்ளை நம்பி இருந்த காலம் அது. 6309 அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. 1976இலிருந்து 1988 வரை செய்தார்கள்.

முதலில் கையில் கட்டினால் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். குறுக்களவு கிட்டத்தட்ட 45 மில்லிமீட்டர். காகிதத்தில் படித்தால் பயமாக இருக்கும். ஆனால் கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு, முழு வட்டமாக இல்லாமல் தலையணை மாதிரி நாலு பக்கமும் உப்பி, ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் வெளியே நீட்டாமல் உள்ளேயே அடங்கிவிடுவதால், என் மெலிந்த மணிக்கட்டிலும் கச்சிதமாக உட்காருகிறது. நேரம் வைக்கத் திருகும் குமிழான கிரவுன் மூன்று மணிப் பக்கம் இல்லை, நாலு மணிப் பக்கம். கையை மடக்கும்போது புறங்கையில் குத்தாது. கேஸின் பக்கச் சுவரே கிரவுனுக்கு அரணாக நிற்கிறது. இத்தனைக்கும் இதை வடிவமைத்த சுவா தொழிற்சாலை இருந்தது கடலே இல்லாத நாகானோ மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு ஏரிக்கரையில்.

டயல் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கறுப்புப் பின்னணி, தடித்த வெள்ளைப் புள்ளிகள், குட்டையும் தடிப்புமான முட்கள், கலங்கின தண்ணீரிலும் குழப்பமே வராது. நாற்பது வருடத்தில் அந்தப் புள்ளிகள் மோர் நிறத்துக்கு வந்துவிட்டன. இருட்டில் எதுவும் தெரியாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். கிழமை இரண்டு மொழியில் வரும், இரண்டாவது மொழி எது என்பது அந்த வாட்ச் எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பொறுத்தது. கிரவுனை ஒரு படி இழுத்து ஒரு பக்கம் சுற்றினால் தேதி, மறு பக்கம் சுற்றினால் கிழமை. இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை வரை அதைச் செய்யாதீர்கள், அந்த நேரத்தில் தேதிப் பல்சக்கரம் ஏற்கெனவே கோர்த்துக்கொண்டிருக்கும், உடைந்தால் செலவு.

கண்ணாடியைச் சுற்றி நிமிட எண்கள் போட்ட சுற்று வளையத்தில் ஒரு பழைய குறை உண்டு. இரண்டு பக்கமும் சுற்றுகிறது. தண்ணீரில் குதிக்கும்போது முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால் போதும், அதன்பின் முள் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அத்தனை நிமிடம் கீழே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். எங்கேயாவது இடித்து வளையம் இடப்பக்கமாக நகர்ந்தால் பரவாயில்லை, அதிக நேரம் ஆனதாகக் காட்டும், சீக்கிரம் மேலே வருவோம். வலப்பக்கமாக நகர்ந்தால் குறைவாகக் காட்டும், அங்கேதான் ஆபத்து. 1953இல் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் செய்த பிளாங்பானின் தலைவர் ஃபீஷ்டேர் தாமே டைவர். ஒருமுறை கடலுக்கடியில் காற்று தீர்ந்துபோய்த் தப்பி வந்தவர். அவர் தம் வாட்சில் வளையம் தானாக நகராதபடி பூட்டு வைத்தார். 6309இல் அந்தப் பூட்டு இல்லை, அடியில் சின்னக் குண்டு ஒன்று பள்ளத்தில் விழுந்து ‘டிக் டிக்’ என்று நிற்கிறது, அவ்வளவுதான். பின்னாளில் சீக்கோவும் ஒரு பக்கம் மட்டுமே சுற்றும் வளையத்துக்கு மாறிக்கொண்டது. நமக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. நான் அதை வைத்து அளப்பது அடுப்பில் வேகும் பருப்பையும் பார்க்கிங் நேரத்தையும்தான். அந்தக் குண்டு தேயாமல் இருந்தால் சுற்றும்போது வரும் உணர்வே தனி.

உள்ளே இருப்பது 6309ஏ, தேய்மானத்தைக் குறைக்கும் 17 கற்கள், மணிக்கு 21,600 அடிப்பு, தானாகச் சாவி ஏறும் மூவ்மெண்ட், அதாவது வாட்சை ஓட்டும் இயந்திரம். கிரவுனைச் சுற்றிச் சாவி கொடுக்க முடியாது. நாலு நாள் மேசையில் கிடந்த வாட்சை எடுத்து லேசாகப் பக்கவாட்டில் ஆட்டினாலே ஓட ஆரம்பிக்கும். சீக்கோ 1959இல் கொண்டுவந்த மேஜிக் லீவர் என்ற எளிய அமைப்புதான் அதற்குக் காரணம், எடைத்தகடு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே ஒரு கவைநெம்பு அதைப் பிடித்துச் சாவியாக மாற்றிவிடும். பல்சக்கரம் குறைவு, தேய்மானம் குறைவு. நேரம் வைக்கும்போது விநாடி முள் நிற்காது. கிரவுனை முழுதாக இழுத்துவிட்டு மெல்லப் பின்பக்கமாக அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், பழைய சீக்கோ வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த தந்திரம் இது. என்னுடையது ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து விநாடி முந்துகிறது. நாற்பது வயதுக்கு அது நல்ல உடல்நலம்.

ஒப்பனை எதுவும் கிடையாது. பின்மூடியைத் திறந்தால் ஸ்விஸ் வாட்ச் போலக் கோடு கோடாகப் பளபளக்காது, வெறும் இரும்புச் சாமான் மாதிரிதான் இருக்கும். எனக்கு அது பிடிக்கிறது, பிடிக்காதவர்களும் உண்டு.

இனி பணம் போகும் விஷயத்துக்கு வருகிறேன். 6309-7040 நல்ல வாட்சா என்று கேட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் வாங்கப்போவது 6309-7040தானா? சந்தையில் இருப்பவற்றில் எத்தனை பழுதில்லாத அசல் என்று நினைக்கிறீர்கள்? கேஸ் மட்டும் அசல், டயல் போன வருடம் அச்சடித்தது, முட்கள் வேறு யாரோ செய்தவை, வளையத்தின் அலுமினியத் தகடு புத்தம் புதிது, மூவ்மெண்ட் ஒரு சாதாரண சீக்கோவிலிருந்து பிடுங்கிப் போட்டது, இப்படி ஒட்டுப் போட்டவைதான் கண்ணில் அதிகம் படுகின்றன. காரணம் எளிது. இந்த 6309 மூவ்மெண்ட் டைவ் வாட்சில் மட்டும் வந்ததில்லை. வேலைக்குப் போகிறவர்கள் கட்டிய சாதாரண சீக்கோக்களிலும் வந்தது, ஆசியா முழுக்க ஏராளமாக விற்றது. உதிரிபாகம் மலிவு, கைதேர்ந்த ஆட்கள் மலிவு. இந்தியாவிலிருந்து ஆன்லைனில் வரும் புது வண்ணம் பூசிய பழைய சீக்கோக்களுக்கு உலகம் முழுக்க ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பட்டப்பெயரே உண்டு. மும்பைக்காரர்கள் மட்டும் செய்வதில்லை, பெயர் மட்டும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு நியாயமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பட்டறையில் ஒரு பம்ப் முப்பது வருடம் ஓடினால் அதன் சீல், பேரிங், போல்ட் எல்லாம் பலமுறை மாறியிருக்கும். அதைப் போலி பம்ப் என்று யாரும் சொல்வதில்லை. டைவ் வாட்சும் வேலைச் சாமான்தான். 1985இல் கண்ணாடி உடைந்து சீக்கோ சர்வீஸ் சென்டரில் மாற்றியிருந்தால் அது அந்த வாட்சின் வாழ்க்கை. வளையத் தகடு கீறிப்போய் மாற்றியிருந்தாலும் அப்படித்தான். ‘இது மாற்றியது’ என்று விற்கிறவர் சொல்லி, விலையையும் அதற்கேற்ப வைத்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை. மாற்றியதை மறைத்து ‘எல்லாம் அசல்’ என்று விற்பதுதான் எரிச்சல். எனக்கே முதலில் வந்து சேர்ந்தது அப்படி ஒரு உருப்படி. பெயர் சொல்லவில்லை, வெளிநாட்டு விற்பனையாளர். டயலில் அச்செழுத்தின் ஓரம் பூதக்கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. எழுதிக் கேட்டேன், முதலில் ‘நாற்பது வருடமானால் அப்படித்தான் சார்’ என்றார், படம் எடுத்து அனுப்பியபின் பணத்தைத் திருப்பினார். அனுப்புகிற செலவு என்னுடையது.

அதனால் வாங்கும் முன் நான் பார்ப்பவை இவை. பின்மூடியில் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபர் ஓ, நவம்பர் என், டிசம்பர் டி. 15 என்று தொடங்கினால் 1981 மே. 6, 7, 8 என்று தொடங்குபவைதான் தொல்லை. இந்த மாடல் 1976இலும் ஓடியது, 1986இலும் ஓடியது, எண் எந்தப் பத்தாண்டு என்று சொல்லாது. மற்ற அடையாளங்களை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். பின்மூடியில் மாடல் எண் 6309-7040 என்றோ 6309-7049 என்றோ இருக்கவேண்டும், நடுவே அலை பொங்கும் படம் இருக்கும். அலை மழுங்கிப் போயிருந்தால் நன்றாக உழைத்த வாட்ச், அது குறையல்ல. டயலின் அடிவிளிம்பில் ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறியெண் ஓடும், அதுவும் 6309-704 என்று தொடங்கவேண்டும். போலி டயல்களில் இந்த வரி இருக்காது, அல்லது நடுவில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். புள்ளிகள் பழுத்திருந்து முட்கள் மட்டும் பச்சை வெள்ளையாக மின்னினால், அவை பிறந்த வருடம் வேறு.

இதற்கெல்லாம் மேலே, கேஸ். மேல்பரப்பு சன்னமாகக் கோடு போட்டதுபோல் மங்கலாக இருக்கும், பக்கம் கண்ணாடி போல மின்னும், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கூர் விளிம்பு ஓடும். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தவன் முதலில் கொல்வது அந்த விளிம்பைத்தான். சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று ஆகிவிட்ட ஆமைகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். டயல் மாற்றலாம், முள் மாற்றலாம், உராய்ந்து போன உலோகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கீறல் நிறைந்த, பாலிஷ் போடாத கேஸ் ஒன்றும் பளபளக்கும் கேஸ் ஒன்றும் ஒரே விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் கீறலை எடுங்கள்.

சரி, தண்ணீர். ‘150 மீட்டர்’ என்று டயலில் எழுதியிருக்கிறதே, நீந்தலாமா என்று நண்பர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கடலில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், 150 மீட்டர் என்றால் பதினைந்து. பொழுதுபோக்காக டைவ் அடிப்பவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. புதிதாக இருந்தபோது இந்த வாட்சுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும், கிரவுன் திருகு தேயும், பின்மூடி உட்காரும் இடத்தில் உப்பு அரித்துக் குழி விழுந்திருக்கும். பட்டறையில் நாளெல்லாம் ஓரிங் என்ற ரப்பர் வளையங்களைப் பார்க்கிறவன் சொல்கிறேன், அரிப்புக் குழி விழுந்த முகத்தில் புது ரப்பர் போட்டாலும் அடைக்காது. சர்வீஸில் ரப்பர் எல்லாம் மாற்றி, அழுத்தச் சோதனையில் தேறினால் மழைக்கும் கை கழுவவும் கவலை வேண்டாம். நான் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடலில் இறங்க என்னிடம் வேறு வாட்ச் இருக்கிறது, டயலுக்குள் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு போனால் அசல் டயல் முடிந்தது.

இந்த ரப்பர் விஷயத்தில்தான் சீக்கோவின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆமை பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால், 1975இல், அவர்கள் 600 மீட்டர் டைவ் வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1968இல் ஹிரோஷிமா மாநிலம் குரே ஊரிலிருந்து ஒரு தொழில்முறை டைவர் எழுதிய கடிதம்தான் அதற்குத் தொடக்கம். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் வேலை செய்கிறோம், உங்கள் வாட்ச் தாங்கவில்லை என்று எழுதினார். அவ்வளவு ஆழத்தில் வேலை செய்பவர்கள் தினமும் மேலே வந்து போக முடியாது. அழுத்தம் ஏற்றிய அறைக்குள்ளேயே நாள்கணக்கில் தங்கி, ஹீலியம் கலந்த காற்றை மூச்சிழுப்பார்கள். ஹீலியம் மிகச் சிறிய அணு, வாட்சின் ரப்பருக்குள்ளேயே ஊடுருவி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வேலை முடிந்து அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது உள்ளே போன ஹீலியத்துக்கு வெளியே வர வழியில்லை, கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.

ஸ்விஸ்காரர்கள் இதற்குச் சொன்ன பதில், வால்வு. ரோலெக்ஸ் 1967இல் கொண்டுவந்த சீ-ட்வெல்லரில் பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு இருக்கும், உள்ளே அழுத்தம் கூடினால் தானே திறந்து ஹீலியத்தை வெளியே விடும். பிரான்ஸில் மார்செய்யைச் சேர்ந்த கொமெக்ஸ் நிறுவனத்தின் டைவர்கள் அதைக் கட்டிக்கொண்டுதான் ஆழத்தில் வேலை செய்தார்கள், இன்றைக்கு ‘கொமெக்ஸ்’ என்று டயலில் எழுதிய ரோலெக்ஸ் ஏலத்துக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். சீக்கோவில் இகுவோ தொகுனாகா தலைமையிலான குழு எதிர்ப்பக்கம் யோசித்தது. உள்ளே போனதை வெளியே விடுவதற்கு வழி செய்வானேன், உள்ளேயே விடாமல் இருந்தால் என்ன? பின்மூடியே இல்லாத ஒரே துண்டு டைட்டானியம் கேஸ், கண்ணாடியைச் சுற்றி ‘எல்’ வடிவ ரப்பர், அதைத் திருகி இறுக்கும் வளையம், அடிபடாமல் இருக்க மேலே ஒரு கவசம். ஏழு வருடம் பிடித்தது. டைட்டானியத்தில் செய்த முதல் டைவ் வாட்ச் அதுதான். கவசத்தோடு பார்த்தால் தகர டப்பா மாதிரி இருப்பதால் ‘டூனா’ என்ற பெயர் வந்தது, நம் ஊர் வழக்கில் சூரை மீன் டப்பா. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மூவ்மெண்ட் போட்ட 600 மீட்டர் டூனா 1978இல் வந்தது. 1983இல் அதை ஜப்பானின் ஷின்காய் 2000 நீர்மூழ்கியின் வெளிப்புறத்தில் கட்டி இறக்கினார்கள், 1,062 மீட்டர் வரை போய் ஓடிக்கொண்டே வந்தது.

சேகரிப்பவர்களில் பாதிப் பேர் குவார்ட்ஸ் என்றாலே முகம் சுளிக்கிறார்கள், ‘பேட்டரி வாட்ச்தானே’ என்று. எனக்குப் புரியவில்லை. ஆழ்கடல் வேலைக்கென்றே செய்த சாமான் வேண்டும் என்பவருக்கு அந்த டூனாவைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்கிறது? சாவியைப் பற்றிக் கவலையில்லை, நேரம் தவறாது. முகம் சுளிப்பவர்களால் விலையும் இன்னும் நியாயமாக இருக்கிறது. என் அடுத்த குறி அதுதான்.

ஆமைக்கு அந்த டூனாவிலிருந்து வந்த சொத்து ஒன்று உண்டு, ஸ்ட்ராப். மணிக்கட்டை ஒட்டிய இடத்தில் அலை அலையாக மடித்த ரப்பர் பட்டை. டைவ் உடை தடிப்பான நுரை ரப்பர், ஆழம் போகப் போக அழுத்தத்தில் சுருங்கி மெலியும், மேலே இறுக்கமாகக் கட்டிய வாட்ச் கீழே போனதும் தொளதொளவென்று ஆடும். இழுத்துக் கட்டிய மடிப்புப் பட்டை அந்த இடைவெளியைத் தானே சுருங்கி நிரப்பிக்கொள்ளும். இன்றைக்கு எத்தனையோ நிறுவனங்கள் அழகுக்காக அந்த மடிப்பைப் போடுகின்றன. அந்தக் காலத்து அசல் பட்டை கிடைத்தாலும் கட்டாதீர்கள், காய்ந்துபோயிருக்கும், வளைத்தால் முறியும். 22 மில்லிமீட்டர் அகலம், எந்தப் புதுப் பட்டையும் பொருந்தும். நான் மாட்டியிருப்பது மலிவான நைலான்.

பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இதற்கு முந்தைய 6105-8110, 1970இலிருந்து 1977 வரை வந்தது. கேஸ் ஒரு பக்கம் மட்டும் உப்பிக் கிரவுனை மூடியிருக்கும், என் கண்ணுக்கு அதுதான் சீக்கோ செய்தவற்றிலேயே அழகு. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க வீரர்கள் பலர் கட்டியது, ஜப்பானிய சாகசக்காரர் நவோமி உவெமுரா கிரீன்லாந்திலிருந்து அலாஸ்கா வரை நாய் வண்டியில் 12,000 கிலோமீட்டர் தனியாகப் போனபோது கட்டியிருந்ததும் இதுதான். விலை ஆமையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கிரவுன் திருகு கிடையாது, சும்மா பூட்டிக்கொள்ளும். ஆரஞ்சு டயலும் அட்டவணையே பொறித்த வளையமும் உள்ள ஸ்விஸ் வாட்சான டாக்ஸா சப் 300டி 1967இன் அதிசயம்தான், ஆனால் நல்ல நிலையில் உள்ளது என் பட்ஜெட்டில் சிக்கவில்லை. 1996இல் வந்து 2019 வரை ஓடிய சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 இன்னும் பழசாகவில்லை, அதற்குள் விலையை ஏற்றிவிட்டார்கள்.

ஆமையைச் சீக்கோவே திரும்பச் செய்ததே என்று கேட்பீர்கள். எஸ்ஆர்பி777, 200 மீட்டர், கையால் சாவி கொடுக்கலாம், விநாடி முள் நிற்கும், வளையம் ஒரு பக்கம்தான் சுற்றும், இருட்டில் விளக்கு மாதிரி மின்னும். வாட்ச் என்ற அளவில் எல்லாவிதத்திலும் மேல். நிஜமாகவே டைவ் அடிப்பவர், வாட்சைக் கழற்றி வைக்காமல் எல்லா வேலையும் செய்பவர், போலி அசல் தலைவலி வேண்டாம் என்பவர், மூவரும் அதையே வாங்குங்கள். பழசை வாங்குவதற்குப் பழசாக இருப்பது பிடிக்கவேண்டும். வேறு காரணம் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சர்வீஸ் செலவு சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரக் கடைத்தொகுதியில் ஒரு சீன அங்கிள் சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாட்ச் ரிப்பேர் செய்கிறார். 6309 என்றதும் திறந்து பார்க்காமலே தலையாட்டினார், அந்தக் காலத்தில் வாரத்துக்கு எத்தனையோ பார்த்திருப்பார். கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, ரப்பர் எல்லாம் மாற்றி, அழுத்தச் சோதனையும் சேர்த்து 200 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்தது. உதிரிபாகம் தேவைப்பட்டால் அதே மூவ்மெண்ட் உள்ள உடைந்த சாதாரண சீக்கோ ஒன்றை மலிவாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். ரோலெக்ஸ் மாதிரி ஸ்விஸ் டைவ் வாட்சுகளுக்கு இந்த வசதி குறைவு, பெரும்பாலும் நிறுவனத்திடம்தான் போகவேண்டும், போனால் அவர்கள் பழைய டயலைப் புதிதாக மாற்றித் தந்து மதிப்பைப் பாதியாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. அனுப்பும்போதே ‘டயலைத் தொடாதே, பாலிஷ் போடாதே’ என்று எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும். அங்கிளிடம் வாயால் சொன்னாலே போதும்.

எங்கே வாங்குவது? சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் பாயில் குவித்து விற்ற காலம் 2017 ஜூலையோடு முடிந்தது. அந்தச் சந்தை இருந்தபோது பழைய சீக்கோ குவியலைக் கிளறுவதே ஒரு பொழுதுபோக்கு. இப்போது ஜப்பானிய ஏலத் தளங்களில் இடைத்தரகர் சேவை மூலம் எடுப்பதுதான் எனக்குச் சரிப்படுகிறது. அங்கே விற்கிறவர்கள் ‘ஓடவில்லை’, ‘கண்ணாடி கீறல்’ என்று குறையை முதலிலேயே எழுதிவிடுகிறார்கள், ஓடாத வாட்சுக்குப் போட்டியும் குறைவு. ஓடாமல் நின்ற, ஆனால் டயலும் கேஸும் கெடாத ஒன்றை எடுத்து அங்கிளிடம் கொடுப்பதுதான் மலிவான வழி. அனுப்பும் செலவும் ஜிஎஸ்டியும் சேர்த்து, சர்வீஸ் நீங்கலாக எனக்கு ஆனது ஐந்நூற்றுச் சொச்சம் வெள்ளி. ‘சர்வீஸ் முடித்தது, பெட்டியோடு’ என்று இங்கே எண்ணூறு, ஆயிரம் சொல்கிறார்கள். பெட்டி பெரும்பாலும் வேறு வாட்சினுடையது.

ஐந்துக்கு நாலு மதிப்பெண் போடுவேன். குறைத்த ஒன்று சந்தைக்கு, வாட்சுக்கு இல்லை. வாங்குகிறவர்கள் விற்பனையாளரிடம் கடைசியாக ஒன்று கேளுங்கள்: கிரவுனைத் திருகித் திறந்து, மறுபடி திருகி மூடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேஸிலிருந்து நீட்டும் அந்தக் குழாயின் மரை தேய்ந்திருந்தால் கிரவுன் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. புதுக் கிரவுன் முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும், ஆனால் குழாய் கேஸோடு சேர்ந்தது, எளிதில் மாற்ற முடியாது. வீடியோ அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள், அடுத்த வாரம் வேறு ஒரு ஆமை ஏலத்துக்கு வரும்.